நாலு மணிப் பங்காளி

"'ஒப்பற்ற'ன்னு எழுதிட்டு, பக்கத்துலேயே 'ஈடிணையற்ற' வேணுமாப்பா? ரெண்டும் ஒண்ணுதானே" என்றாள் இளையவள், ஈரத்துணியைப் பிழிந்தபடி.

"ஒண்ணு இல்ல. ஒண்ணுக்கு மேல ஒண்ணு" என்றார் அப்பா.

வீட்டு நாய் சிப்பாய் இறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பின்வாசலில் பழைய போர்வையின் மேல் படுத்திருந்தது. ஒரு காது வழக்கம்போல் மடிந்திருந்தது. இளையவள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இரங்கல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவர் குடியிருப்போர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். தேர்தலே நடக்காததால் 'நிரந்தர' என்ற சொல் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. குறிப்பைக் குழியருகே வாசித்துவிட்டு, பிறகு சங்கத்தின் பலகையில் ஒட்டுவது என்று ஏற்பாடு.

"கேளு. 'பதினான்கு ஆண்டுகளில் சிப்பாய் தன் எஜமானின் கையாலன்றிப் பிறர் கையால் ஒரு கவளமும் உண்டறியான். ஒருநாளும் மருத்துவமனை வாசலை மிதித்தறியான்.'"

முதல் வாக்கியத்துக்குத் தெருவே சாட்சி. தட்டை முன்னால் வைத்தால் சிப்பாய் தொடாது, அப்பா "தொடங்கலாம்" என்று சொல்லும்வரை. கூட்டத்தைத் துவக்கி வைக்கிற அதே குரலில் சொல்வார். தொண்டையைச் செருமி, முதல் எழுத்தில் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்து, கடைசி எழுத்தை அந்தரத்தில் விட்டுவிடுவார். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் இதைச் செய்து காட்டுவது உண்டு. அம்மாவும் இரண்டு பெண்களும் அந்த வார்த்தைக்குக் காத்திருந்துதான் இத்தனை வருடம் சாப்பிட்டார்கள். அதை மட்டும் யாருக்கும் செய்து காட்டியதில்லை.

இரண்டாவது வாக்கியத்தில் இளையவளின் கை நின்றது. நாயின் அடிவயிற்றில், ரோமத்துக்கு அடியில், நான்கு விரல் நீளத்துக்கு ஒரு கோடு. இருபுறமும் சிறுசிறு புள்ளிகள். காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை விசாரிப்பது அவள் வேலை. தழும்பைப் பார்த்தால் தையலைச் சொல்வாள். இது தேர்ந்த கை போட்ட தையல்.

துணியை வைத்துவிட்டு முன்னறைக்குப் போய் கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டாள். பழுப்பு நாய், ஒரு காது மடிந்தது, வயிற்றில் தழும்பு என்று அடையாளம் சொன்னாள்.

"கட்டி ஆபரேஷன். நாலு வருஷம் ஆச்சு" என்றார் எடுத்த உதவியாளர். "பங்காளிதானே?"

"யாரு?"

"நாய் பேரும்மா. ரெஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்கு. வாட்ச் ரிப்பேர்காரர் தூக்கிட்டு வந்தாரு. ரெண்டு நாள் இங்கதான் இருந்துச்சு. அவரும் இங்கதான் இருந்தாரு."

அந்த இரண்டு நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அப்பா பன்னிரண்டு இடங்களில் 'காணவில்லை' ஒட்டினார். மூன்றாம் நாள் சிப்பாய் மெதுவாக நடந்து வந்து சேர்ந்தது. கடத்தல்காரர்களிடமிருந்து தப்பி அது எஜமானைத் தேடி வந்த விதம் பற்றி அப்பா சங்கத்தில் இருபது நிமிடம் பேசினார். தீர்மானப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. அந்த மாதம் முழுக்க நாயைக் கவனித்துக்கொண்டது அம்மா. வேறு யாரையும் கிட்டே விடவில்லை.

அம்மா சமையலறையில் இருந்தாள்.

"தினம் நாலு மணிக்கு அது வெளிய போகுமே. கேட்டை யாரும்மா தெறந்து விட்டது?"

"காத்து."

"காத்துக்குத் தாழ்ப்பாள் தெறக்கத் தெரியுமா?"

"ஒம்பது வருஷம் பழகினா தெரியும்" என்று அம்மா பாத்திரத்தைக் கழுவினாள்.

வாட்ச் ரிப்பேர்காரர் வேறு யாருமில்லை, அப்பாவின் தம்பி. வீடு இரண்டு தெரு தள்ளி. அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் அப்பா தன் பெயருக்குக் கீழே நான்கு வரிக்குப் பதவிகளைப் போட்டிருந்தார். சித்தப்பா அதைச் சபையில் உரக்க வாசித்துவிட்டு, "இதுல மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டார். சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.

அவள் போனபோது சித்தப்பா கண்ணில் லென்ஸைச் செருகி, ஒரு கைக்கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

"வா, கேள்வி" என்றார் நிமிராமல். சின்ன வயதில் அவளுக்கு அவர் வைத்த பெயர்.

"காலைல போயிடுச்சு சித்தப்பா. தூக்கத்துலேயே."

இடுக்கியிலிருந்து ஒரு திருகாணி நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதைத் தேடவில்லை.

"நேத்து நாலு மணிக்கு வரல. மழைன்னு நெனச்சேன்."

"நேத்து மழையே இல்லையே."

"அதான், நெனச்சேன்னு சொன்னேன்."

மேஜைக்கடியில் ஓர் எனாமல் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"உங்க கையால சாப்பிட்டுச்சா?"

"அதை ஏன் கேக்கறே. முதல் வாரம் தட்டு முன்னாடி உக்காந்து என் மூஞ்சியையே பாக்குது. பால்ல போட்ட பிஸ்கட் கரைஞ்சே போச்சு, வாய் வைக்கல. சாப்பிடுன்னேன், தின்னுடான்னேன், கெஞ்சினேன். அப்புறம்தான் உங்க வீட்டு வழக்கம் ஞாபகம் வந்துச்சு. அந்த வார்த்தையைச் சொன்னேன். அப்பவும் அசையல."

"அப்புறம்?"

"வார்த்தை மட்டும் போதாதாம். குரலும் வேணுமாம்." லென்ஸைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "அந்த மனுஷனோட பேச்சே வேணாம்னு இருந்தவன் நான். தினம் நாலு மணிக்கு அவர் குரல்லயே பேச வேண்டியதாப் போச்சு."

"ஒரு தடவை பேசிக் காட்டுங்களேன்."

"தொண்டை சரியில்ல." எழுந்து தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மூலையில் இருந்த கடப்பாரையையும் எடுத்தார். "உங்க வீட்டுல இருக்கறது மொன்னையாத்தான் இருக்கும்."

தோட்டத்தில் அப்பா முழங்கால் ஆழக் குழியில் வியர்த்து நின்றிருந்தார்.

"யாரு வந்திருக்கறது?" நன்றாகத் தெரிந்துதான் கேட்டார்.

"வாட்ச் ரிப்பேர்காரர்" என்றாள் இளையவள்.

"குழி போதுமான்னு கேளு."

"பத்தாதுன்னு சொல்லும்மா. இளகின மண்ணு."

"தெரியும்னு சொல்லு."

"தெரிஞ்சா வெளிய வரச் சொல்லு. மீதியை நான் தோண்டறேன்."

நாலாவது வாக்கியத்தோடு அவள் நடுவில் நின்று திருப்பிச் சொல்வதை விட்டுவிட்டாள். இருவரும் கவனிக்கவில்லை. குழி ஆழமாகிக்கொண்டே போனது.

நாயை இறக்குவதற்கு முன் சித்தப்பா அதன் வயிற்றில் கை வைத்தார். ரோமத்தை விலக்கித் தேடவில்லை, விரல் நேராகத் தழும்பில் போய் நின்றது. அப்பா அதைப் பார்த்தார். குனிந்து, அவரும் அங்கே தொட்டுப் பார்த்தார்.

மண்ணைத் தள்ளி மூடியபின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பிரித்தார். 'ஒப்பற்ற' வந்தது, 'ஈடிணையற்ற' வந்தது. 'பிறர் கையால்' என்ற இடத்தில் நின்றார். தம்பியின் கக்கத்திலிருந்த தட்டு எதிரே தெரிந்தது. விளிம்பெல்லாம் எனாமல் உதிர்ந்து, பல் பட்ட தடங்கள், பல வருடத்துத் தடங்கள். ஏதாவது கேட்பாரா என்று இளையவள் காத்திருந்தாள். அப்பா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மீதி வழக்கமானதுதான்" என்றார்.

அம்மா யாரையும் கேட்காமல் மேஜையில் நான்கு தட்டுகள் வைத்திருந்தாள். "கை கழுவிட்டு வாங்க தம்பி" என்றாள், நேற்றும் வந்து சாப்பிட்டவரிடம் சொல்வதுபோல.

பரிமாறி முடிந்தது. சாப்பாட்டிலிருந்து ஆவி எழுந்தது. கதவோரம் நாய்த்தட்டு இருந்த இடத்தில் தரையில் வட்டமாக ஒரு வெளுப்பு. அப்பா அதைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். குரல் வரவில்லை. மறுபடி செருமினார். அம்மாவின் கை தட்டருகே நின்றது. ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் இப்படி இருப்பார்கள் என்று இளையவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

எதிர்ப்பக்கம் ஒரு தொண்டை செருமியது. குரல் முதல் எழுத்தில் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்து, கடைசி எழுத்தை அந்தரத்தில் விட்டது.

"தொடங்கலாம்."

அப்பா சட்டென்று தலையைத் தூக்கினார். சித்தப்பா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.