எறிந்த ஸ்பானர்

எங்கள் பட்டறையில் ஸ்பானரை யாரும் கையில் கொடுப்பதில்லை, கேட்டால் எறிவார்கள். விபத்தில் வலக்கை போன மெக்கானிக் வேலைக்குத் திரும்பியதிலிருந்து அவருக்கு மட்டும் நடந்துபோய், கைக்குழந்தைக்குக் கொடுப்பதுபோல் கொடுத்தார்கள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று வண்டிக்கு அருகே உட்கார்ந்தபடி, "பன்னெண்டாம் நம்பர்" என்று இடக்கையை நீட்டினார். கூட வேலை செய்யும் அவர் தங்கை புருஷன் பழக்கதோஷத்தில் எறிந்துவிட்டான். ஸ்பானர் கைக்குத் தப்பி அவர் முழங்காலில் ணங்கென்று பட்டது.

"ஐயோ மச்சான், மன்னிச்சிடுங்க! மறந்துட்டேன்."

அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். ஸ்பானரைப் பொறுக்கி அவனிடமே எறிந்தார்.

"இத்தனை நாளா எல்லாரும் மறக்காம இருந்தீங்களே, அதுக்கு மன்னிப்பு கேளு. மறுபடி எறி. இந்தக் கை எப்பதான் பழகுறது?"