இரண்டு மணிக்கு மேல்

காலை ஆறு மணிக்கு விடுதியின் நான்காம் மாடியில் படுக்கை விரிப்புகளை உருவ ஆரம்பித்தால் ஏழரைக்கெல்லாம் இடுப்பு விட்டுப்போகும். அடுத்தவர் வியர்வை வாடை, சாக்கடைத் துளையில் சுருண்ட முடி, மூக்கை அரிக்கும் பினாயில். ஆளுக்குப் பதினான்கு அறை. மெத்தையைத் தூக்கித் தூக்கி என் நகக்கண்ணெல்லாம் பிளந்துகிடந்தது. எட்டு மணி நேரத்தில் அத்தனையும் முடிக்க ஒன்று பேயாக இருக்க வேண்டும், இல்லை இதுவரை துடைப்பம் பிடிக்காத முதலாளியாக இருக்க வேண்டும்.

அதனால் இரண்டு மணிக்குக் கீழே இறங்குவோம். எட்டு மணி நேரத்துக்கு மேல் பதிவானால் முதலாளி ஆளை நிறுத்திவிடுவார் என்பதால், வேலை முடிந்ததாக நேரம் பதியும் மெஷினில் அட்டையைப் போடுவோம். மறுபடி மேலே ஏறி மிச்ச அறைகளைக் கழுவுவோம். முடிக்க ஐந்து மணி ஆகும். அதற்குக் கூலி கிடையாது.

முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் 'சராசரி'. கூலி என்று வாயைத் திறந்தால் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிய செய்தித்தாள் துண்டைக் காட்டுவார். "சேவைத் துறையில மாநிலச் சராசரி மணிக்கூலியே இவ்வளவுதான். நான் அதுக்கு மேல தர்றேன்." எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் சரிதான். பதினொன்றுக்கு வகுத்துக் காட்ட எங்களிடம் காகிதம் ஏது?

போன செவ்வாய் மூன்றேகாலுக்கு என் நாத்தனார் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நான் சொல்லித்தான் இந்த வேலைக்கு வந்தவள். வேலை நேரத்தில் நடந்த விபத்து என்று முதலாளி எழுதிக் கொடுத்தால் ஆபரேஷன் செலவைக் காப்பீடு ஏற்கும். இல்லையென்றால் அவள் எழுந்து நடக்கப்போவதில்லை.

மறுநாள் போய்க் கேட்டேன். அவளுடைய அட்டையை எடுத்து என் முன்னால் போட்டார்.

"ரெண்டு மணிக்கே வேலை முடிஞ்சு போயிட்டாளே. மூணேகாலுக்கு இங்க எப்படி விழுந்தா?"

"ரூம் கழுவும்போதுதான் சார். தெரியாத மாதிரி கேக்குறீங்களே."

"நீ பாத்தியா?"

"நான்தான் தூக்கினேன்."

"அப்ப நீயும் பொய்யா அட்டை போட்டிருக்கே. அதுக்கு வேலை போகும், தெரியும்ல?"

அத்தனை நாளும் எங்கள் கையாலேயே எங்களுக்கு எதிராகச் சாட்சி எழுதி வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. அழக்கூடக் கேவலமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, அந்த ரூம்ல கண்ணாடி துடைக்காம விட்டுட்டேன். திட்டுவாங்களா?"

வியாழன் காலை துணி வெளுக்கும் அறையில் எல்லோர் முன்னாலும் ஒரு தாளில் எழுதினேன்: 'செவ்வாய் மூன்றேகாலுக்கு நானும் வேலையில் இருந்தேன். தினமும் இருக்கிறேன்.' கையெழுத்துப் போட்டேன்.

"என் வேலை போனா போகட்டும். உங்க யாரையும் நான் கேக்கல" என்றேன்.

எங்களில் பெரிய பயந்தாங்கொள்ளி, மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் இஸ்திரி அக்கா, முன்னால் வந்தாள்.

"என் பேரையும் எழுது. நான் ரேகை வைக்கிறேன்."

"அக்கா, உன் வேலையும் போயிடும்."

"தெரியுது. நாளைக்கு நான் எத்தனை மணிக்கு விழுவேன்னு எனக்கென்ன தெரியும்?"

அதற்குப் பிறகு பேனா கைமாறிக்கொண்டே போனது. பதினொரு பேர்.

முதலாளி தாளை இரண்டு முறை படித்தார். "உங்களை அனுப்பினா நாளைக்கே வேற ஆள் வரும்."

அது உண்மைதான். வெளியே எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்.

"வரட்டும் சார்" என்றாள் அக்கா. "அவங்களுக்கும் பதினாலு ரூம்தானே? ரெண்டு மணிக்கு முடிச்சிருவாங்களா?"

அவர் தாளை மேசை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினார். காப்பீட்டுக் கடிதமும் தரவில்லை.

இரண்டு மணிக்கு எல்லோரும் அட்டையைப் போட்டோம். மேலே நாற்பது அறைகள் அப்படியே கிடந்தன. படிக்கட்டுப் பக்கம் பழக்கத்தில் திரும்பிய என் கையை அக்கா பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பதினொரு பேரும் சேர்ந்தே நடந்தோம். இரண்டு மணி வெயில் எப்படியிருக்கும் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.