ஏழாவது 'ஆமா'

காலையிலிருந்து பதினோரு பேர். நர்ஸுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பன்னிரண்டாவதாக வந்தவர் பஸ் டிரைவர், கூடவே மனைவி.

ரத்தக்குழாய் அழற்சி அவருக்கு அடங்கிவிட்டது. ஆனால் நர்ஸ் கையிலிருந்த தாளுக்கு நோயைப் பற்றி அக்கறையில்லை. நோய் போகும்போது எதை உடைத்துவிட்டுப் போனது என்பதுதான் அதற்கு வேண்டும். மூன்று மாதம் நீடித்த சேதம் மட்டுமே கணக்கு. குறித்துவிட்டால் அப்புறம் அழிக்கவும் கூடாது. அந்தத் தாளில் சேதங்களின் கூட்டுத்தொகை ஏறும், இறங்கவே இறங்காது. பாழாய்ப்போன தாள்!

டிரைவரின் வலது பாதம் மரத்துப்போய் இன்றோடு மூன்று மாதம்.

"போன மாசமே உணர்ச்சி வருதுன்னு எழுதினீங்களே சிஸ்டர். இன்னைக்கும் அப்படியே எழுதிட்டீங்கன்னா திங்கக்கிழமை டியூட்டி," என்றார் அவர்.

"தினமும் சாயங்காலம் நானும் வீட்ல தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். ஒண்ணுகூடத் தப்பறதில்ல," என்றாள் மனைவி. முகமெல்லாம் சிரிப்பு.

"கண்ணை மூடிக்கோங்க அண்ணா. தொடறது தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க."

வலது கால் கட்டைவிரலில், உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் நைலான் இழையை வைத்து அழுத்தினாள். "ஆமா." அடுத்த விரல். "ஆமா." எத்தனையோ வருஷமாக அதே வரிசை, அதே இடைவெளி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை தானாகச் செய்யும்.

ஏழாவது இடத்துக்குப் போகும்போது பிடியிலிருந்து இழை கழன்று தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தாள்.

"ஆமா," என்றார் டிரைவர்.

குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"ஆமா," என்றார் மறுபடியும், சரியான இடைவெளி விட்டு. "ஆமா."

நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. அவர் எண்ணியது பாதத்தில் பட்ட தொடுதலை அல்ல, அவளுடைய அலுத்துப்போன கையின் இடைவெளியை. போன மாதமும் இதையேதான் எண்ணியிருக்கிறார். இவளும் நம்பி எழுதித் தொலைத்திருக்கிறாள். அவர்மேல் கோபம் வரவில்லை. தன்மேல்தான் வந்தது.

நிமிர்ந்தபோது மனைவியின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவளும் பார்த்துவிட்டாள்.

மனைவி எழுந்து வந்தாள். கணவரின் வலது பாதத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் தடுக்கவில்லை.

மனைவி எழுந்து வந்த சத்தத்தில் அவருடைய வரிசை அறுந்துவிட்டது. டிரைவர் கண்ணை மூடியபடி காத்திருந்தார். எண்ணுவதற்கு இப்போது அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. நெற்றி வியர்த்தது.

"என்ன சிஸ்டர், நிறுத்திட்டீங்க? மிச்சத்தையும் தொடுங்க," என்றார்.

மனைவி இன்னும் இறுக்கிப் பிடித்தாள். விரல் நுனிகள் வெளுத்தன.

"தொடுங்க சிஸ்டர். நான் சொல்லிடுவேன்."

நர்ஸ் பேனாவைத் திறந்து தாளில் நரம்புச் சேதத்துக்கான கட்டத்தில் டிக் போட்டாள்.