மேலே போகாத தெரு

காலை நாலே முக்காலுக்குக் காப்பகத்தில் விளக்கு எரிந்தது. எதிரே, பூட்டிய டீக்கடையின் தகரத்தடியில் சிவரஞ்சனி நின்றாள். வருவதாக யாரிடமும் சொல்லவில்லை.

அவள் போடியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கெடுப்பைப் பார்த்துக்கொள்பவள். ராசிங்காபுரம் தாண்டி இருக்கும் இந்தத் தெருவில் நிறுவனம் சில வருடங்களாகப் பிள்ளைகள் காப்பகம் நடத்துகிறது. ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப்பில் மலையேறும் பெண்கள் பிள்ளைகளை அங்கே விட்டுப் போகலாம். அங்கன்வாடி திறக்கும் நேரத்தில் அவர்கள் போடிமெட்டைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

போன மாதம் அவள் வீடு வீடாக எடுத்த கணக்கு வேறு மாதிரி சொன்னது. தெருவில் ஒரு வீட்டிலிருந்தும் யாரும் மலைவேலைக்குப் போகவில்லை. ஆடு மேய்க்கிறார்கள். நூறுநாள் வேலைக்குப் போகிறார்கள். சும்மா இருக்கிறார்கள். ஆனால் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் குருவம்மாள், கூடம் நிறையப் பிள்ளைகள் வருவதாகச் சொல்லி அத்தனை பேருக்கும் பாலும் முட்டையும் வாங்கிக்கொண்டிருந்தாள்.

செயலாளர் முத்துக்கிருஷ்ணன் இரண்டில் ஒன்று பொய் என்றார். இனி எந்த வேலையும் தேவை இருப்பதாகக் கணக்கு காட்டுகிற இடத்தில்தான் என்பது நிறுவனத்தின் புது முடிவு. இந்த மாதத்தோடு காப்பகத்தை மூடிவிட்டு வேறு ஊரில் திறப்பதாக இருந்தார். அதற்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பொய் குருவம்மாளுடையதாக இருக்க வேண்டும் என்று சிவரஞ்சனி விரும்பினாள். மற்றது அவள் எடுத்த கணக்கு.

முதல் பிள்ளை துண்டுக்குள் சுருண்டு வந்தது. தூக்கி வந்தவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பிறகு இன்னொருத்தி. பிறகு நாலைந்து பேர் சேர்ந்தாற்போல். காட்டுவதற்காகக் கூட்டிவந்த பிள்ளைகளாக இருக்கும் என்று சிவரஞ்சனி நினைத்தாள். ஆனால் அவள் வருவது யாருக்கும் தெரியாது.

பிள்ளையை விட்ட பெண்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. வாய்க்கால் பாலத்தை நோக்கி நடந்தார்கள். அங்கே ஒரு ஜீப்பு விளக்கை அணைத்து நின்றது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, கையில் தூக்குவாளி. ஒருத்தியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. சந்திரவல்லி. கணக்கெடுத்தபோது வீட்டோடு இருக்கிறேன் என்று சொன்னவள். சொல்லிவிட்டு மோர் கொடுத்தவள்.

சிவரஞ்சனி குறுக்கே போய் நின்று எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

"கல்யாண வீட்டுக்கு" என்றாள் சந்திரவல்லி.

"இந்தச் சட்டையோடயா?"

"மாப்ள வீட்டுல வசதி பத்தாது."

பின்னால் வந்தவள் சிரித்தாள். சந்திரவல்லி சிரிக்கவில்லை.

ஜீப்புக்காரர் சுருளிவேல் பாலத்திலிருந்து குரல் கொடுத்தார். "லோடு பாதிதான் ஏறியிருக்கு. வெரசா வாங்கத்தா, மேல பணி தொடங்கிருவாக." பிறகு சிவரஞ்சனியைப் பார்த்தார். துண்டை எடுத்து ஜீப்புக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் காப்பகத்துக்குள் போனாள். பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்கின. குருவம்மாள் அடுப்பில் பால் வைத்திருந்தாள். வேண்டுமானால் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அதற்கு வரவில்லை என்றாள் சிவரஞ்சனி. அதற்குத்தான் வந்திருந்தாள்.

தெருவே சேர்ந்து ஏன் பொய் சொன்னது என்று கேட்டாள்.

"வீடு காட்ட யாரைக் கூட்டிட்டு வந்தீக?"

வீரணனை. ரேஷன் கடையில் எடை போடுகிறவன். எந்த ஊரிலும் நிறுவனத்தில் அப்படித்தான் செய்வார்கள். தெரிந்த முகம் ஒன்றை முன்னால் விட்டால் கதவு திறக்கும். எல்லாக் கதவும் திறந்தது.

குருவம்மாள் பாலை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள். தெருவில் பாதிப் பேருக்கு மலைமேல், கேரளத்தில், தோட்டத்து முகவரியில் இன்னொரு ரேஷன் கார்டு உண்டு. மேலே வேலை என்று தெரிந்தால் கீழே உள்ள கார்டை அடித்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. வீரணன் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. அதற்காக அவனை வாசலில் வைத்துக்கொண்டு யார் சொல்வார்கள்.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "உங்ககிட்டச் சொன்னா எழுதிருவீகளே" என்றாள்.

சிவரஞ்சனி பாலத்துக்குப் போனாள். ஜீப்பு நிறைந்திருந்தது. இந்த மாதத்தோடு காப்பகம் மூடப்படுகிறது என்று சொன்னாள். இப்போது உண்மையைச் சொன்னால் கணக்கைத் திருத்திவிடலாம், காப்பகம் இங்கேயே இருக்கும் என்றாள்.

முன்பு சிரித்தவள் சந்திரவல்லியைப் பார்த்து, ஒன் மூத்தவளைப் பழையபடி நிப்பாட்டிக்க வேண்டியதுதான் என்றாள். சந்திரவல்லியின் மூத்த மகள் முத்துப்பிரியா ஏழாவது படிக்கிறாள். காப்பகம் வருவதற்கு முன் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்டவள். மறுபடி சேர்ந்தபோது தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருந்தது.

சந்திரவல்லி ஜீப்பிலிருந்து இறங்கினாள். சொன்னால் அது யார் யாருக்குப் போகும் என்று கேட்டாள்.

"எங்க ஆபீசுக்கு மட்டுந்தான்."

"சத்தியமா?"

முத்துக்கிருஷ்ணன் இந்தக் கணக்கைக் கலெக்டர் ஆபீசுக்கும் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். தெருவுக்குத் திட்டங்கள் வந்துசேரும் என்றார். சிவரஞ்சனிக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டிருந்தது. அவள் டேப்லெட்டைத் திறந்தாள். முதல் கட்டத்தில் பெயர் கேட்டது. பெயர் இல்லாமல் அது அடுத்த கட்டத்துக்குப் போகாது.

சந்திரவல்லி திரையைப் பார்க்கவில்லை. சிவரஞ்சனியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுருளிவேல் வண்டியைக் கிளப்பினார்.

"என் பேரு வேணாம். புள்ள பேரை மட்டும் போட்டுக்கங்க" என்றாள் சந்திரவல்லி. "ஆத்தா இல்லாத புள்ளைன்னு எழுத அதுல எடமிருக்கா?"