வெள்ளைக் கரடியை முதலில் பார்த்தவர்

சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்த தருமன், 1981 கார்த்திகையில் லீவில் திருவண்ணாமலைக்கு வந்ததிலிருந்து வெள்ளைக் கரடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். ரஷ்யாவின் வடகோடியில், பனிக்கட்டி மிதக்கும் கடலில், கப்பலிலேயே முதலில் அதைப் பார்த்தது தான்தான் என்றான். அவன் மனைவி ஆதிலட்சுமி அதைத் திருவூடல் தெரு முழுக்கப் பரப்பிவிட்டாள். அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் காதுக்கும் எட்ட, அவர் பிள்ளைகளிடம் வந்து பேசச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்.

உண்மையில் கரடியைப் பார்த்தவர் அப்பாதுரை. கீழ்பென்னாத்தூர்க்காரர், அதே கப்பலில் முன்தளத்தில் காவல் நின்றவர். கூச்சல் கேட்டுத் தருமன் சப்பாத்தி மாவு ஒட்டிய கையோடு மேலே ஓடிவருவதற்குள், கரடி பனிமேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

அவரும் லீவில் தீபத்துக்கு வந்திருந்தார். அப்பாதுரை, தருமன் பேசுகிறான் என்று கேள்விப்பட்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் தருமன் கரடியை விட்டுவிட்டுக் கப்பல் சமையலுக்குத் தாவினான். அந்த நேரம் பார்த்து ஒரு சிறுமி எழுந்தாள்.

"பனியும் வெள்ளை, கரடியும் வெள்ளை. எப்பிடி சார் கண்டுபுடிச்சீங்க?"

தருமன் கடைசி பெஞ்சைப் பார்த்தான்.

"பனி அளவுக்கு அது வெள்ளை இல்ல பாப்பா, பழுப்பேறின வேட்டி மாதிரி இருக்கும்," என்றபடி அப்பாதுரை எழுந்தார். "மூக்கு மட்டும் கறுப்பு. அது அசையறத வெச்சித்தான் இவரு கண்டுபுடிச்சாரு."

பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் தருமனுக்குத் துண்டு போர்த்தினார். அது தோளில் நெருப்பாய்க் கிடந்தது.

பஸ்ஸுக்கு நடக்கும்போது, "அண்ணே..." என்று ஆரம்பித்தான்.

"உடுறா. உன்ன மாதிரி சொல்ல எனக்கு வராது. பசங்க மூஞ்சியப் பாத்தியா?" அப்பாதுரை சிரித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தருமனுக்கு.

வீட்டில் ஆதிலட்சுமியின் அக்கா காத்திருந்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க, அக்கா கேக்கணுமாம்," என்றாள் ஆதிலட்சுமி.

"நான் பாக்கல. அப்பாதுரை அண்ணன்தான் பாத்தாரு. நான் மேல வர்றதுக்குள்ள போயிடுச்சி."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஆதிலட்சுமியின் குரல் இறங்கிவிட்டது. "தெருவெல்லாம் சொல்லிட்டனே. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் தண்ணி புடிக்கப் போவேன்?"

மறுநாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு அவனே போனான். வரிசையில் நின்ற பெண்கள் கரடியைப் பற்றிக் கேட்டார்கள். தலை நிமிராமல் ஒவ்வொருத்தியிடமும் உள்ளதைச் சொன்னான்.