கூடத்தில் பூத்த அகபந்தஸ்

கலாதேவி தன் ஈப்போ வீட்டுக் கொல்லையில் நட்ட அகபந்தஸ் செடி, லகாட் பக்கம் புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்பின் மாதிரி வீட்டில், கூடத்துச் சலவைக்கல்லைப் பிளந்துகொண்டு பூத்தது. இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு நெடுஞ்சாலையும் பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றும் இருந்தன. இலைகள் ஈப்போவில் இருந்தன. தண்டும் நீலப் பூக்கொத்தும் லகாட்டில்.

அந்த மாதிரி வீடு நின்ற இடம் முன்பு ரப்பர்த் தோட்டத்து இடுகாடு. கலாதேவியின் மகள் ஷாமினி எட்டு வயதில் டெங்கிக் காய்ச்சலில் போனபோது அங்கேதான் புதைத்தார்கள். தோட்டம் கைமாறியதும், சமாதிகளைத் தொடமாட்டோம் என்று அதை வாங்கிய கம்பெனி கூட்டம் போட்டுச் சொன்னது. வந்தவர்களுக்குப் பிரியாணியும் கொடுத்தது. அதை நம்பித்தான் கலாதேவி, மகளின் சமாதியில் நடுவதற்குக் கேமரன் மலையிலிருந்து ஒரு அகபந்தஸ் கிழங்கு வாங்கிவந்தாள். வந்து பார்த்தால் மண்வாரி எல்லாவற்றையும் தட்டையாக்கியிருந்தது. அவள் அழவில்லை. கம்பெனிக்காரர்களின் ஏழு தலைமுறையையும் நடுச்சாலையில் நின்று திட்டிவிட்டு, கிழங்கோடு வீடு திரும்பினாள்.

ஆற்றுமணலும் மக்கிய சாணமும் கலந்து, கிழங்கின் கழுத்து மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி கொல்லையில் நட்டாள். “இது மலைப் பூ தேவி. இங்க அடிக்கிற வெயில்ல எல மட்டுந்தான் வரும் லா,” என்றான் கணவன் பத்துமலை. கையுறைத் தொழிற்சாலைக்குக் கிளம்புமுன் தினமும் தண்ணீர் ஊற்றினாள்; ஊற்றும்போதே கம்பெனியையும், பிரியாணி தின்றவர்களையும், அந்தக் கூட்டத்தில் கைதட்டிய பத்துமலையையும் ஏசினாள். வருடங்கள் போயின. இலைகள் கத்திபோல் நிமிர்ந்து, புதராய் அடர்ந்தன. பூ மட்டும் இல்லை.

மாதிரி வீட்டில் பூத்த முதல் பூவை வெட்டிச் சிமெண்டு பூசினார்கள். மறுவாரம் இன்னும் உயரமாக வந்தது. அங்கே காவலுக்கு இருந்த ராமையா பழைய தோட்டத்து ஆள். ஷாமினி கிடந்த இடம் அவனுக்குத் தெரியும், கலாதேவி வீட்டுச் செடியும் தெரியும். இரண்டையும் கம்பெனி மேலாளர் தர்மேந்திரனிடம் சொல்லிவிட்டான்.

தர்மேந்திரன் காரைப் போட்டுக்கொண்டு ஈப்போவுக்கு வந்தான். “அக்கா, அங்க சமாதியே இல்ல லா. வெறுங்காடு. இந்தச் செடிய எடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி.”

“காடா? எம்புள்ள மேல சோபா போட்டு ஆளுங்கள ஒக்கார வச்சிருக்க, அது காடா?” மண்வெட்டியைத் தூக்கி அவன் காலடியில் போட்டாள். “வெட்டு. ஒங்கையாலயே வெட்டு. நான் பாக்குறேன்.”

அகபந்தஸ் கிழங்கை எத்தனை துண்டாகப் பிரித்தாலும் அத்தனையும் செடியாகும். செடி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. தர்மேந்திரனுக்குத் தெரியாது. வியர்க்க வியர்க்கக் கொத்திப்போட்டுவிட்டுப் போனான். மறுநாள் காலை தாமானில் மாதிரி வீடு இருந்த வரிசை முழுக்கப் பூ: சமையலறையில், மாடிப்படிக்கு அடியில், கார் நிறுத்துமிடத்தில், குளியலறை வாசலில். ராமையா எல்லோருக்கும் போன் போட்டான். கோப்பெங்கிலிருந்தும் கோலா கங்சாரிலிருந்தும் தோட்டத்துச் சனங்கள் வந்து, இது எங்கம்மா, இது என் தம்பி என்று ஒவ்வொரு பூவின் முன்னாலும் நின்றார்கள். ஆள் இல்லாத பூ ஒன்றுகூட இல்லை. தர்மேந்திரன் ஒரு சமையலறையில் சுவரோடு ஒட்டி நின்றான். காடு என்ற சொல் அதன்பிறகு அவன் வாயில் வரவில்லை.

கம்பெனி மருந்து அடித்தது, தரையை மாற்றியது, பூ போகவில்லை. கடைசியில், வீட்டுக்குள்ளேயே இயற்கைத் தோட்டம் என்று விளம்பரப் பலகை வைத்தது. கலாதேவி அதைப் பட்டப்பகலில் பிடுங்கிச் சாக்கடையில் போட்டாள். யாரும் தடுக்கவில்லை. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை.

வீடுகள் விற்றன, ஆட்கள் குடிவந்தார்கள். திதி நாட்களில் கற்பூரத்தோடு வருகிறவர்களுக்கு இரும்புக் கதவைத் திறந்துவிடுவது அந்த வரிசையில் வழக்கமாகிவிட்டது. மாதிரி வீட்டை வாங்கியவர் ஒரு சீன ஆசிரியை. கலாதேவி முதல்முறை வந்தபோது அவர் சோபாவை நகர்த்தி இடம்விட்டார். கலாதேவி நன்றி சொல்லவில்லை. அவள் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. தலை எந்தப் பக்கம் என்று ஆசிரியை மலாய் மொழியில் கேட்டார். கலாதேவி ஜன்னல் பக்கம் காட்டினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் ஜன்னல் பக்கம் கால்நீட்டிப் படுப்பதில்லை.