நெரிசலுக்கு ஆறு நாள்

இப்படி நெரிசலில் மனிதர்களை அடைத்து வைக்காதே என்று ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் எங்கள் அரசாங்கத்தின் மண்டையில் குட்டியது. தலைநகர் புக்கரெஸ்டில் இருந்தவர்கள் புதுச் சிறை கட்டவில்லை. ஒரு சட்டம் போட்டார்கள். ஆளுக்கு நான்கு சதுர மீட்டர் இல்லாத அறையில் ஒரு மாதம் கிடந்தால் தண்டனையில் ஆறு நாள் கழியும். அன்றிலிருந்து எங்கள் சிறையில் நெரிசலான அறைக்குத்தான் கிராக்கி. வெட்கங்கெட்ட பிழைப்பு, வேறென்ன.

எங்கள் அறையில் பத்துப் பேர், ஒரு கழிப்பறை. கீழ்க்கட்டிலில் நெகுலாய், காட்டில் மரம் திருடி மாட்டியவர். நெஞ்சு கெட்டுப்போயிருந்தது, இருமினால் துணியில் ரத்தம். ஊரில் அவர் மனைவி சாஃப்தா புற்றுநோயில் படுத்திருந்தாள். ஈஸ்டர் வரை தாங்க மாட்டாள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இந்த மாதத்தின் ஆறு நாளும் கழிந்தால் நெகுலாய் ஈஸ்டருக்கு முன்பே வெளியே போய் அவளை உயிரோடு பார்த்துவிடலாம்.

“அண்ணே, ஆஸ்பத்திரி வார்டுக்குப் போயிடுங்க. அங்க நல்லா காத்து வரும்,” என்றேன்.

“காத்து வந்தா ஆறு நாள் வராதுடா, ட்ராயன். அங்க இடம் தாராளம், ஒண்ணும் கழிக்க மாட்டானுங்க. நீ வாய மூடிக்கிட்டு இரு.”

மூடிக்கொண்டேன். காவலர் கதவைத் திறந்தபோதெல்லாம், நெகுலாயின் இருமல் தனியாகக் கேட்காதபடி பத்துப் பேரும் சேர்ந்து இருமினோம்.

“என்னங்கடா, சர்ச் பாட்டுக்குழுவா?” என்பார் காவலர்.

“உங்க முட்டைக்கோஸ் சூப்பு சார், தொண்டையவிட்டு எறங்க மாட்டேங்குது,” என்பான் கீட்சா, மேல்கட்டில்காரன்.

மாதம் முடியச் சில நாட்களே இருந்தன. காலையில் பெயர் கூப்பிட்டபோது நெகுலாய் எழுந்திருக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன், சில்லிட்டிருந்தார். போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். சாஃப்தாவுக்கு இதை யார் போய்ச் சொல்வார்கள் என்று நினைத்து அழுதேன்.

காலிக் கட்டிலைப் பார்த்துக் கீட்சாதான் முதலில் வாயைத் திறந்தான்.

“இப்ப ஒம்போது பேரு. ஆளுக்கு நாலு மீட்டர் வந்துட்டா ஆறு நாளு போச்சேடா?”

“செருப்பால அடிப்பேன் நாயே,” என்றேன். ஆனால் நானும் அந்தக் கணக்கைத்தான் மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கதவு திறந்தது. கக்கத்தில் மெத்தையோடு ஒரு புதுக் கைதி, மிரண்டுபோய் நின்றான். அறையே மூச்சு விட்டது. நான் அவன் மெத்தையை வாங்கிக் கீழ்க்கட்டிலில் விரித்தேன். கீட்சா டீ போட்டுக் கொடுத்தான்.

“ரொம்ப நல்லவங்களா இருக்கீங்க,” என்றான் அவன், கண் கலங்கி.